மகாதமனி வீக்கம்: வயிற்றைத் திறப்பதா, தொடை வழியாகப் போவதா?

"எங்கப்பாவுக்கு 68 வயசுங்க டாக்டர். பனியன் கம்பெனியில நிட்டிங் மிஷின் ஓட்டுனவரு. இப்ப ஊட்டோட இருந்து ரெண்டு எருமையப் பார்த்துக்கறாரு. ஒன்னுக்குப் போறதுல சிரமம்னு திருப்பூர்ல ஸ்கேன் எடுத்தோம். அதுல வயித்துக்குள்ள பெரிய ரத்தக்குழாய் 5.7 சென்டிமீட்டருக்கு வீங்கியிருக்குதுன்னு எழுதியிருக்காங்க. அவருக்கு ஒரு வலியும் இல்லீங்க. ஒரு டாக்டர் வயித்தைத் திறந்து ஆபரேஷன் பண்ணோணும்கறாரு. இன்னொருத்தர் தொடை வழியா ஸ்டென்ட் வெச்சுக்கலாம்கறாரு. ரஜினிக்கு அப்படித்தானே பண்ணுனாங்க, நாமளும் அதையே பண்ணிக்கலாம்னு சொந்தக்காரங்க சொல்றாங்க. நாங்க யார் பேச்சைக் கேக்கறதுங்க? பீடியை மட்டும் இன்னும் விட மாட்டேங்கறாரு."
– ஊத்துக்குளியிலிருந்து ஒரு மகள்

அம்மா, முதலில் ஒரு ஆறுதல். உங்கள் அப்பாவின் வீக்கம் வெடிப்பதற்கு முன்பே கண்ணில் பட்டுவிட்டது. இந்த நோய் உள்ளவர்களில் பலருக்கு அந்த வாய்ப்பு கிடைப்பதில்லை. வேறு எதற்கோ எடுத்த ஸ்கேனில் தற்செயலாகத் தெரிவதுதான் இதன் வழக்கம்.

இரண்டு டாக்டர்களும் உங்களைக் குழப்பவில்லை. இரண்டுமே நல்ல சிகிச்சைகள், இரண்டுக்கும் பல ஆண்டுப் பின்புலம் உண்டு. காயம் சின்னதா பெரிதா என்று பார்த்து மட்டும் முடிவெடுக்காதீர்கள். அப்பாவின் ரத்தக்குழாய் எப்படி அமைந்திருக்கிறது, இதயமும் நுரையீரலும் சிறுநீரகமும் எந்த நிலையில் இருக்கின்றன, சிகிச்சைக்குப் பிறகு ஆண்டுதோறும் ஸ்கேனுக்கு அவரால் வர முடியுமா என்ற மூன்றையும் சேர்த்துப் பார்த்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

5.7 என்ற எண் என்ன சொல்கிறது?

இதயத்தின் இடது கீழறையிலிருந்து புறப்பட்டு, மார்பில் வளைந்து, முதுகெலும்பை ஒட்டி வயிற்றுக்குள் இறங்கி, தொப்புள் மட்டத்தில் இரண்டு கால்களுக்கும் கிளை பிரியும் குழாய்தான் மகாதமனி. உடம்பிலேயே பெரிய ரத்தக்குழாய் இது. வயிற்றுப் பகுதியில் இதன் அகலம் சுமார் 2 சென்டிமீட்டர். 3 சென்டிமீட்டரைத் தொட்டுவிட்டால் அதை அனியூரிசம், அதாவது தமனி வீக்கம் என்கிறோம். பழைய சைக்கிள் ட்யூபில் ரப்பர் தேய்ந்த இடம் மட்டும் புடைத்துக்கொள்வது போல, சுவர் நலிந்த இடத்தில் குழாய் உப்பிக்கொள்கிறது. உப்ப உப்பச் சுவரின் மேல் இழுவிசை கூடுகிறது. இழுவிசை கூடினால் மேலும் உப்புகிறது. தானாகச் சுருங்குவது கிடையாது. சுருக்க மருந்தும் இல்லை.

சுவர் நலிவதற்கு வயது, உயர் ரத்த அழுத்தம், ரத்தக்குழாயில் கொழுப்புப் படிதல், குடும்ப வழி எல்லாம் காரணமாகின்றன. அத்தனையிலும் முன்னால் நிற்பது புகை. பீடியோ சிகரெட்டோ, தமனிச் சுவரின் மீள்தன்மையை அது அரிக்கிறது. ஆண்களிடம், அதிலும் 65 வயதைத் தாண்டியவர்களிடம், இந்த வீக்கம் அதிகம்.

ஆண்களுக்கு 5.5 சென்டிமீட்டர், பெண்களுக்கு 5 சென்டிமீட்டர் வரை பொதுவாகக் கண்காணிப்பே போதும். அதற்குள் முந்திக்கொண்டு அறுவை செய்வதால் ஆயுள் கூடுவதில்லை என்று 1998-ல் பிரிட்டனிலும் 2002-ல் அமெரிக்காவிலும் வெளியான இரண்டு பெரிய ஆய்வுகள் காட்டின. அந்த அளவைத் தாண்டினாலோ, ஓராண்டில் 1 சென்டிமீட்டருக்கு மேல் வளர்ந்தாலோ, வலி வந்தாலோ சிகிச்சையைத் தள்ளிப்போடக் கூடாது.

உங்கள் அப்பா எல்லையைத் தாண்டிவிட்டார். அறுவை செய்ய முடியாத நிலையில் இருந்த நோயாளிகளைப் பின்தொடர்ந்து 2002-ல் அமெரிக்காவில் வெளியிட்ட கணக்குப்படி, 5.5 முதல் 5.9 வரை உள்ள வீக்கம் ஓராண்டுக்குள் வெடிக்கும் வாய்ப்பு 100-க்குச் சுமார் 9. அளவு 7-ஐத் தாண்டினால் 100-க்கு 30-க்கும் மேல். பிற்கால ஆய்வுகள் இதைவிடக் குறைவாகவே காட்டுகின்றன. ஆகவே இன்றிரவே ஓட வேண்டிய அவசரம் இல்லை. ஆனால் தீபாவளி கழியட்டும், பொங்கல் கழியட்டும் என்று தள்ளும் விஷயமும் இல்லை.

ரஜினிக்குச் செய்தது என்ன?

2024 செப்டம்பர் 30 அன்று ரஜினிகாந்த் சென்னை கிரீம்ஸ் சாலை அப்போலோ மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். அப்போது அவருக்கு வயது 73. இதயத்திலிருந்து வெளியேறும் முதன்மை ரத்தக்குழாயில் வீக்கம் இருந்தது என்றும், அறுவை இல்லாமல் கதீட்டர் வழியாக ஸ்டென்ட் பொருத்தி இதய நிபுணர் சாய் சதீஷ் அதை முழுமையாக அடைத்தார் என்றும் மருத்துவமனை அறிவித்தது. சில நாட்களில் வீடு திரும்பினார், பிறகு படப்பிடிப்புக்கும் போனார். தமிழ்நாட்டில் லட்சக்கணக்கானவர்கள் மகாதமனி என்ற பெயரையே அன்றுதான் கேள்விப்பட்டார்கள். அது நல்லதுதான்.

ஆனால் அந்த முடிவு அவருடைய ஸ்கேனைப் பார்த்து எடுத்த முடிவு. மகாதமனி ஒரே குழாய் என்றாலும் மார்பில் வீங்குவது வேறு, வயிற்றில் வீங்குவது வேறு. பக்கத்தில் எந்தக் கிளை பிரிகிறது, குழாய் நேராக இருக்கிறதா வளைந்திருக்கிறதா என்பது ஆளுக்கு ஆள் மாறும். அவருக்குப் பொருந்தியது உங்கள் அப்பாவுக்கும் பொருந்துமா என்பதற்கு விடை அப்பாவின் சி.டி. படத்தில்தான் இருக்கிறது.

வயிற்றைத் திறந்து செய்யும் அறுவை

முழு மயக்கம் கொடுத்து, நெஞ்செலும்பின் கீழிருந்து தொப்புளைத் தாண்டி வயிற்றைத் திறப்பார்கள். வீக்கத்துக்கு மேலும் கீழும் கிடுக்கி போட்டு ரத்த ஓட்டத்தை நிறுத்துவார்கள். வீங்கிய பையைத் திறந்து, உள்ளே பாலியஸ்டர் குழாய் ஒன்றை வைத்து இரண்டு முனைகளையும் நல்ல தமனியோடு தைப்பார்கள். பழைய பையின் சுவரையே அதன் மேல் மூடித் தைத்துவிடுவார்கள். எல்லாம் முடிய நான்கு மணி நேரம் வரை ஆகலாம்.

அந்தக் குழாய் துணிதான் என்பதை நம் பக்கத்துக்காரர்களுக்குச் சொன்னால் ஆச்சரியப்படுவார்கள். 1950-களில் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் மைக்கேல் டிபேக்கி என்ற அறுவை நிபுணர் நைலான் வாங்கக் கடைக்குப் போனார். நைலான் தீர்ந்துபோயிருந்தது. கடையில் இருந்த டாக்ரான் என்ற பாலியஸ்டர் துணியை வாங்கிவந்து, வீட்டுத் தையல் மிஷினில் குழாயாகத் தைத்துச் சோதித்தார். பின்னர் தாமஸ் எட்மன் என்ற ஜவுளித் துறைப் பேராசிரியரோடு சேர்ந்து, தையல் இல்லாத குழாயையே பின்னித் தரும் நிட்டிங் மிஷின் உருவானது. இன்றும் இந்தக் குழாய்கள் இரண்டு வகை. நிட்டிங் செய்தது மென்மையானது, தைக்க இசைந்து கொடுக்கும், ஆனால் கண்ணிகளின் வழியே ரத்தம் கசியும். முன்பு நோயாளியின் ரத்தத்தையே அதில் ஊறவைத்து உறையச் செய்து கண்ணிகளை அடைத்தார்கள். இப்போது கொலாஜன் அல்லது ஜெலட்டின் பூச்சோடு ஆலையிலிருந்தே வருகிறது. நெய்தது இறுக்கமானது, கசிவும் பிற்காலத் தளர்வும் குறைவு. எதை வைப்பது என்பதை அறுவை நிபுணர் முடிவு செய்வார்.

இந்த அறுவையின் பலம் அதன் ஆயுள். ஒருமுறை தைத்துவிட்டால் மறுபடி தொடவேண்டி வருவது அரிது. விலை என்னவென்றால், முதல் மாதம் கடினம். ஓரிரு நாள் தீவிர சிகிச்சைப் பிரிவு, ஒரு வாரம் முதல் பத்து நாள் வரை மருத்துவமனை, பழைய தெம்பு திரும்ப இரண்டு மூன்று மாதம். மாரடைப்பு, நிமோனியா, சிறுநீரகப் பாதிப்பு, குடலுக்கு ரத்தம் குறைதல் ஆகிய அபாயங்கள் உண்டு. பின்னாளில் தழும்பில் குடலிறக்கம் வரலாம். ஆண்களுக்குத் தாம்பத்தியத்தில் சிரமமும் வரலாம். கூச்சம் பார்க்காமல் இதை முன்கூட்டியே கேட்டுக்கொள்ளச் சொல்லுங்கள்.

வயதை மட்டும் பார்த்து இந்த வழியை மூடிவிடவும் வேண்டாம். அதே டிபேக்கிக்கு 97 வயதில் மகாதமனியின் உட்சுவர் கிழிந்தது. 2006-ல் திறந்த அறுவை செய்து டாக்ரான் குழாய் வைத்தார்கள். நீண்ட நாள் மருத்துவமனையில் கிடந்து மீண்டு, 2008-ல் 99 வயதில் காலமானார். எல்லோருக்கும் அப்படி நடக்கும் என்று சொல்ல மாட்டேன். 68 வயது ஒரு தடை இல்லை என்று மட்டும் சொல்கிறேன்.

தொடை வழியாக வைக்கும் ஸ்டென்ட் கிராஃப்ட்

இரண்டு தொடை இடுக்கிலும் துளையிட்டு, எக்ஸ்ரே திரையில் பார்த்தபடி, மடக்கிய நிலையில் ஒரு குழாயை மேலே செலுத்துவார்கள். உலோகக் கம்பிச் சட்டத்தில் துணி போர்த்திய குழாய் அது. வீக்கத்துக்குள் போய் விரிந்ததும் ரத்தம் அதற்குள்ளேயே ஓடும். வெளிப்பையில் அழுத்தம் இறங்கிவிடும். 1987-ல் உக்ரைனின் கார்கிவ் நகரில் நிகோலாய் வொலோதோஸ் மார்பு மகாதமனியிலும், 1990-ல் அர்ஜென்டினாவின் ஹுவான் பரோடி வயிற்று மகாதமனியிலும் இதைத் தொடங்கிவைத்தார்கள். இதயத்துக்கு வைக்கும் சின்ன ஸ்டென்ட்டோடு இதைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். அது அடைப்பைத் திறப்பது, இது வீக்கத்தை ஒதுக்குவது.

பலருக்கு முழு மயக்கம்கூடத் தேவைப்படாது. இரண்டு மூன்று நாளில் வீட்டுக்குப் போகலாம், சில வாரத்தில் வழக்கமான வேலையைப் பார்க்கலாம். ஆனால் குழாய் பிடித்து நிற்க நல்ல தமனி வேண்டும். சிறுநீரகத் தமனிகளுக்குக் கீழே, வீக்கம் தொடங்கும் முன், பொதுவாக 10 முதல் 15 மில்லிமீட்டர் நீளத்துக்கு நல்ல சுவர் இருக்க வேண்டும். அதைத்தான் டாக்டர்கள் 'நெக்' என்கிறார்கள். நெக் குட்டையாகவோ, அகன்றோ, அதிகம் வளைந்தோ இருந்தால் சாதாரணக் குழாய் நிற்காது. கிளைகளுக்குத் துளைவிட்டுத் தனியாகத் தயாரித்த குழாய் வேண்டும், அதன் விலையும் காத்திருப்பும் அதிகம். கால்களுக்குப் போகும் தமனிகள் ஒடுங்கியிருந்தால் சாதனத்தை ஏற்றுவதே சிரமம்.

இன்னொன்று, இதை வைத்துவிட்டு மறந்துவிட முடியாது. ஓரத்திலிருந்தோ, பின்பக்கச் சின்னக் கிளைகளிலிருந்தோ, குழாயின் இணைப்பிலிருந்தோ ரத்தம் மறுபடி பைக்குள் கசியலாம். குழாய் நகரலாம். அதனால் முதல் மாதத்தில் ஒரு சி.டி., ஓராண்டில் ஒன்று, பிறகு ஆண்டுதோறும் ஸ்கேன் என ஆயுள் முழுக்கத் தொடர வேண்டும். காலப்போக்கில் ஐந்தில் ஒருவருக்கு மறுபடி ஒரு சின்னச் சிகிச்சையாவது தேவைப்படுகிறது.

ஒப்பிட்ட ஆய்வுகள் சொன்னது

பிரிட்டனில் 37 மருத்துவமனைகளில், இரண்டில் எதையும் தாங்கக்கூடிய 1,252 நோயாளிகளைச் சீட்டுக் குலுக்குவது போல இரண்டாகப் பிரித்துச் சிகிச்சை செய்தார்கள். முதல் 30 நாளில் ஸ்டென்ட் கிராஃப்ட் வைத்தவர்களில் 1.8 சதவீதம் பேரும், வயிற்றைத் திறந்து செய்தவர்களில் 4.3 சதவீதம் பேரும் இறந்தார்கள். இங்கே ஸ்டென்ட் தெளிவாக முந்துகிறது. இரண்டு ஆண்டுகளில் அந்த இடைவெளி மறைந்துவிட்டது. 2016-ல் வெளியான 15 ஆண்டுக் கணக்கில் நிலைமை தலைகீழானது. எட்டு ஆண்டுகளுக்குப் பிறகு இறப்பு ஸ்டென்ட் வைத்தவர்களிடமே அதிகம். ஒதுக்கிவைத்த பை பின்னாளில் வெடித்ததும் அதற்கு ஒரு காரணம். தொடர் ஸ்கேனை ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறேன் என்பது இப்போது புரியும்.

அந்த ஆய்வில் வைத்தவை பழைய தலைமுறைக் குழாய்கள். இன்றைய குழாய்கள் மேம்பட்டவை. ஆகவே நிபுணர்களே ஒரே குரலில் பேசுவதில்லை. பிரிட்டனின் 2020 வழிகாட்டுதல், தாங்கும் உடம்புள்ளவருக்குத் திறந்த அறுவையை முன்வைக்கிறது. ஐரோப்பிய ரத்தநாள நிபுணர்கள், அமைப்பு பொருந்தினால் பெரும்பாலோருக்கு ஸ்டென்ட் கிராஃப்ட்டையும், நீண்ட ஆயுள் எதிர்பார்க்கக்கூடியவருக்குத் திறந்த அறுவையையும் பரிந்துரைக்கிறார்கள். உங்கள் டாக்டர்கள் இருவரும் வேறு வேறாகச் சொன்னதன் வேர் இங்கேதான் இருக்கிறது.

அப்பாவுக்கு எது?

இதயம் பலவீனம், நுரையீரல் பீடியால் கெட்டிருக்கிறது, நெக் நன்றாக இருக்கிறது, கோவைக்கோ திருப்பூருக்கோ ஆண்டுதோறும் அழைத்துப்போக வீட்டில் ஆள் இருக்கிறது என்றால் ஸ்டென்ட் கிராஃப்ட் நல்ல வழி. இதயமும் நுரையீரலும் தெம்பாக இருக்கின்றன, நெக் குட்டை, இனி ஆண்டுதோறும் ஸ்கேன் என்றால் வர மாட்டார் என்று உங்களுக்கே தெரிகிறது என்றால், திறந்த அறுவையே அவரை நீண்ட காலம் காக்கும். இரண்டுக்கும் இடையில் இருந்தால், அவர் எதை ஏற்கிறார் என்பதற்கு மதிப்புக் கொடுங்கள். அறுவை அவருடைய உடம்பில் நடக்கிறது. "அவருக்கு ஒன்னும் தெரியாதுங்க" என்று அவரை வெளியே உட்காரவைத்துவிட்டு முடிவெடுக்காதீர்கள்.

டாக்டரிடம் கேட்க வேண்டிய கேள்விகள்:

1. மெல்லிய வெட்டுகளில் எடுத்த சி.டி. ஆஞ்சியோ படி வீக்கம் சரியாக எவ்வளவு? நெக் எவ்வளவு நீளம்?
2. எக்கோ (இதய ஸ்கேன்), நுரையீரல் பரிசோதனை, கிரியேட்டினின் (சிறுநீரகத்துக்கான ரத்தப் பரிசோதனை) முடிவுகளை வைத்துப் பார்த்தால் அவருக்கு அறுவை அபாயம் எவ்வளவு?
3. இந்த மருத்துவமனையில் இரண்டு சிகிச்சையும் செய்கிறீர்களா, அல்லது ஒன்று மட்டுமா?
4. நீங்கள் ஆண்டுக்கு எத்தனை பேருக்கு இதைச் செய்கிறீர்கள்?
5. ஸ்டென்ட் கிராஃப்ட் என்றால் முதல் ஐந்து ஆண்டுக்கான ஸ்கேன் செலவு எவ்வளவு? மறுசிகிச்சை வந்தால் யார் செலவு?

மூன்றாவது கேள்வி முக்கியம். ஒரே ஒரு வழியை மட்டும் செய்யும் இடத்தில் அந்த வழியே பெரிதாகத் தெரியும். இரண்டும் செய்யும் ரத்தநாள அறுவை நிபுணர் ஒருவரிடம் கருத்துக் கேளுங்கள். கோவையில் இத்துறை நிபுணர்கள் இருக்கிறார்கள். சென்னை ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனையிலும் வேலூர் சி.எம்.சி.யிலும் இதற்கெனத் தனிப் பிரிவுகள் உண்டு. சி.டி. ஸ்கேன் படத்தைக் குறுந்தகட்டில் கேட்டு வாங்கி வையுங்கள். இரண்டாவது கருத்துக்காக மறுபடி படம் எடுத்தால் சாய மருந்து சிறுநீரகத்துக்குத்தான் பாரம்.

அதுவரை வீட்டில்

பீடியை இன்றே நிறுத்த வேண்டும். புகை நிற்காத உடம்பில் வீக்கம் வேகமாக வளர்கிறது. அறுவைக்குப் பிறகு நுரையீரல் சிக்கலும் கூடுகிறது. அறுவைக்கு நான்கு வாரம் முன்பாவது நிறுத்தினால் பலன் கண்கூடாகத் தெரியும். ரத்த அழுத்தத்தை 130/80-க்குக் கீழ் வைக்க வேண்டும். கொழுப்பு மாத்திரையும் ஆஸ்பிரினும் டாக்டர் எழுதித் தந்தால் விடாமல் சாப்பிட வேண்டும்.

நடக்கலாம், எருமைக்குத் தண்ணி காட்டலாம். தீவன மூட்டையைத் தூக்குவது, துணி ரோலைச் சுமப்பது, மலச்சிக்கலோடு முக்குவது வேண்டாம்.

மருந்துக் கடை விஷயத்தில் ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்கிறேன். சிப்ரோஃப்ளாக்சசின், லீவோஃப்ளாக்சசின், ஓஃப்ளாக்சசின் போன்ற ஆண்டிபயாடிக் மாத்திரைகளை மகாதமனி வீக்கம் உள்ளவர்களுக்கு, வேறு வழி இல்லாதபோது தவிர, கொடுக்கக் கூடாது என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2018 டிசம்பரில் எச்சரித்தது. வயிற்றுப்போக்குக்கும் சிறுநீர்த் தொற்றுக்கும் இவற்றைச் சீட்டு இல்லாமலே வாங்கிப் போடும் பழக்கம் நம் ஊரில் இருக்கிறது. உங்கள் அப்பாவுக்குச் சிறுநீர்ப் பிரச்சினை வேறு இருக்கிறது. எந்த டாக்டரிடம் போனாலும் "அப்பாவுக்கு மகாதமனி வீக்கம் இருக்குதுங்க" என்று முதலிலேயே சொல்லுங்கள்.

திடீரென வயிற்றிலோ முதுகிலோ இடுப்பிலோ தாங்க முடியாத வலி, மயக்கம், குளிர்ந்த வியர்வை வந்தால் அது வெடிப்பின் அடையாளம். சிறுநீரகக் கல் வலி என்று எண்ணி நேரத்தைக் கடத்திவிடுபவர்கள் உண்டு. வயிற்றை வழித்துவிடுவது, சுளுக்கு எடுப்பது எதுவும் கூடாது. உடனே 108-ஐ அழையுங்கள், ஏற்றும்போதே வீக்கம் இருப்பதைச் சொல்லி ஸ்கேன் சீட்டைக் காட்டுங்கள், ரத்தநாள அறுவை வசதி உள்ள இடத்துக்கே கொண்டுபோகக் கேளுங்கள். வெடித்தவர்களில் பெரும்பாலோர் பிழைப்பதில்லை. பலர் மருத்துவமனையையே எட்டுவதில்லை.

செலவுக்கு

ஸ்டென்ட் கிராஃப்ட்டின் விலையே சில லட்சங்கள். திறந்த அறுவையில் வைக்கும் குழாயின் விலை அதைவிட மிகக் குறைவு, ஆனால் மருத்துவமனை நாட்கள் கூடும். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை இருந்தால் ஆண்டுக்கு ஒரு குடும்பத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை பாதுகாப்பு உண்டு. இந்தச் சிகிச்சையில் சாதனத்தின் விலை எவ்வளவு வரை அடங்கும் என்பதை மருத்துவமனையின் காப்பீட்டு மேசையில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். திட்டத்தின் இலவச எண் 1800 425 3993. நீங்கள் பனியன் கம்பெனியில் இ.எஸ்.ஐ. பிடித்தத்தோடு வேலை செய்பவரானால், உங்கள் வருமானத்தைச் சார்ந்து வாழும் பெற்றோருக்கும் இ.எஸ்.ஐ. சிகிச்சை உண்டு. அப்பாவின் பெயர் உங்கள் அட்டையில் ஏறியிருக்கிறதா என்று கம்பெனி ஆபீசில் நாளைக்கே பாருங்கள்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கும் ஒரு வார்த்தை. 65 முதல் 75 வயதுக்குள் இருக்கும், வாழ்நாளில் எப்போதாவது புகைபிடித்த ஆண்கள் ஒருமுறை வயிற்று அல்ட்ராசவுண்ட் எடுத்துக்கொள்வது நல்லது. அமெரிக்க வழிகாட்டுதல் இதைத்தான் சொல்கிறது. இங்கிலாந்தில் 65 வயதாகும் ஆண்களை அரசே அழைத்துப் பார்க்கிறது. நம் நாட்டில் அப்படித் திட்டம் இல்லை, நாமாகத்தான் போக வேண்டும். ஊசி இல்லை, கதிர்வீச்சு இல்லை, சில நிமிட வேலை. அப்பாவுக்கோ உடன்பிறந்தவருக்கோ வீக்கம் இருந்தால் 50 வயதுக்கு மேல் நீங்களும் எடுங்கள்.

உங்களுக்கு அம்மா, வரிசை இதுதான். இந்த வாரம் பீடி நிற்க வேண்டும், காப்பீட்டு அட்டை கையில் இருக்க வேண்டும். அடுத்த வாரத்துக்குள் சி.டி. ஆஞ்சியோவும் இதய, நுரையீரல் பரிசோதனைகளும். அதற்கடுத்து, இரண்டு சிகிச்சையும் செய்யும் நிபுணரின் எதிரில் அப்பாவையும் உட்காரவைத்து மேலே உள்ள ஐந்து கேள்விகளைக் கேளுங்கள். எந்த வழியைத் தேர்ந்தெடுத்தாலும் இரண்டு மாதத்துக்குள் சிகிச்சை முடிந்திருக்க வேண்டும்.